வீவக வீடா? சமையலறையைப் பார்க்கும் முன் புளோக்கின் இனக் கணக்கைப் பாருங்கள்

எங்கள் அக்கா சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் இருந்த தன் நாலறை வீட்டை விற்கக் கிளம்பிய கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தில் எனக்குத் தெரிந்ததில் பாதி அந்த எட்டு மாத அலைச்சலில் கற்றுக்கொண்டதுதான். முதல் சனிக்கிழமை வீடு பார்க்க ஆறு குடும்பம் வந்தது. அக்கா விடிகாலையிலேயே தரையைத் துடைத்து, ஊதுபத்தி வாசம் தூக்கலாக இருக்கக் கூடாதென்று ஜன்னல்களையெல்லாம் திறந்து வைத்து, வந்தவர்களுக்கெல்லாம் பாக்கெட் சோயா பால் எடுத்துக் கொடுத்தாள். அதில் ஒரு சீனத் தம்பதி பேரமே பேசாமல் கேட்ட விலைக்கே சரி என்றார்கள். அன்று ராத்திரி வீட்டில் பாயசம். திங்கட்கிழமை ஏஜெண்டிடமிருந்து ஃபோன்: "சாரிக்கா, உங்க புளோக்ல சைனீஸ் கோட்டா ஃபுல்லாம். அவங்களுக்கு விக்க முடியாது."

ஒரு புளோக்கில் ஒவ்வொரு இனமும் எத்தனை வீடு வரை இருக்கலாம் என்று சொல்கிற இந்தக் கோட்டா ஒன்றும் நேற்று வந்ததில்லை, 1989-லிருந்து இருக்கிறது. விளம்பரம் போடும் முன் இரண்டு நிமிடம் ஒதுக்கிப் பார்த்திருந்தால் அந்த ஆறு குடும்பத்தில் ஐந்து குடும்பம் வந்திருக்கவே வேண்டியதில்லை. அதனால் சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், HDB) வீடு வாங்கப்போகிற, விற்கப்போகிற, அல்லது வாடகைக்குத் தேடுகிற தமிழர்களுக்காக, இந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பார்ப்பது எப்படி என்று எழுதுகிறேன். ஏஜெண்டு பார்த்திருப்பார் என்று நம்பி விட்டுவிடாதீர்கள்.

முதலில் எண்கள்

சிங்கப்பூர்வாசிகளின் குடும்பங்களில் 100-க்கு 78, 79 வீவக வீடுகளில்தான் இருக்கின்றன (2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு). அரசாங்கம் கட்டிய வீடு என்றால் ஏழைகளுக்கானது என்று மற்ற ஊர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள், இங்கே டாக்சி ஓட்டுபவரும் டாக்டரும் ஒரே லிஃப்டில் ஏறுவார்கள். அப்படி இருக்கும்போது யார் எந்த புளோக்கில் இருக்கிறார்கள் என்பது நாடு முழுவதையும் பற்றிய கேள்வியாகிவிடுகிறது. அதே கணக்கெடுப்பின்படி சிங்கப்பூர்வாசிகளில் சீனர்கள் 74.3 விழுக்காடு, மலாய்க்காரர்கள் 13.5, இந்தியர்கள் 9, மற்ற இனத்தவர் 3.2. இந்த நான்கு எண்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

இன ஒருங்கிணைப்புக் கொள்கை என்று தமிழில் சொல்கிறோம், பேச்சில் எல்லாருக்கும் அது வெறும் கோட்டாதான். 1989 மார்ச் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அப்போது தேசிய வளர்ச்சி அமைச்சர் எஸ். தனபாலன், நம்ம ஆள். கம்பங்களை (பழைய கிராமங்களை) எல்லாம் காலி செய்து புதிய நகரங்களுக்குக் குடியேற்றியபோது எல்லா இனமும் கலந்துதான் குடியேறினார்கள், ஆனால் மறுவிற்பனைச் சந்தை சூடுபிடித்ததும் ஜனங்கள் தங்கள் சொந்தபந்தம், மசூதி, கோயில், சந்தை என்று பார்த்து மெல்ல மெல்ல ஒரே பக்கம் சேர ஆரம்பித்தார்கள். பெடோக், தெம்பனிஸ் பக்கம் மலாய்க்காரர்கள், ஹவ்காங் பக்கம் சீனர்கள். 1964 இனக் கலவரங்களை நேரில் பார்த்த தலைமுறைதான் அப்போது ஆட்சியில் இருந்தது, அவர்களுக்கு இது வயிற்றில் புளியைக் கரைத்தது. அதனால் ஒவ்வொரு புளோக்குக்கும், ஒவ்வொரு அக்கம்பக்கத்துக்கும் உச்சவரம்பு வைத்தார்கள்.

இப்போது இருக்கிற வரம்பு இது. சீனர்கள்: அக்கம்பக்கத்தில் 84 விழுக்காடு, புளோக்கில் 87. மலாய்க்காரர்கள்: அக்கம்பக்கத்தில் 22, புளோக்கில் 25. இந்தியரும் மற்ற இனத்தவரும் சேர்த்து: அக்கம்பக்கத்தில் 12, புளோக்கில் 15. நம்முடையது முதலில் 10-ம் 13-ம் ஆக இருந்தது, 2010 மார்ச் 5 முதல் இரண்டு இரண்டு புள்ளி ஏற்றினார்கள்.

அக்கம்பக்கம் என்று நான் சொல்வது நீங்கள் நடந்து போகிற தூரம் இல்லை, வீவக நகரத்தைப் பிரித்து வைத்திருக்கிற பகுதி. பெரும்பாலான நகரங்களில் புளோக் எண்ணின் முதல் இலக்கமே எந்தப் பகுதி என்று காட்டிக்கொடுத்துவிடும். ஆங் மோ கியோவில் புளோக் எண் 4-இல் ஆரம்பித்தால் நாலாவது பகுதி, அந்த மாதிரி. புளோக்கில் இடம் இருந்தும் பகுதியில் இடம் இல்லாமல் போகலாம், அதனால் இரண்டையும் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, "மற்ற இனத்தவர்" என்ற கூடையில் நம்மோடு சேர்ந்து யுரேசியர், பிலிப்பினோ, வெள்ளைக்காரர், இன்னும் சீனரோ மலாய்க்காரரோ இல்லாத எல்லாரும் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்துக்காரரும் பஞ்சாபியும் மலையாளியும் இந்தக் கூடைதான். கோட்டாவைப் பொறுத்தவரை நீங்கள் தமிழர் இல்லை, அந்தக் கூடையில் ஒரு வீடு.

120 வீட்டுக் கணக்கு

விதி ஒரே வரிதான்: ஒரு இனத்தின் எண்ணிக்கை வரம்பைத் தொட்டுவிட்டால், அந்த எண்ணிக்கையை மேலும் கூட்டுகிற விற்பனை நடக்காது. அதே இனத்தவர் அதே இனத்தவருக்கு விற்றால் எண்ணிக்கை மாறாது, அதனால் அது எப்போதும் நடக்கும். இதைப் படிக்கும்போது எல்லாருக்கும் ஒரே மாதிரி பொருந்துகிற விதி போலத்தான் தெரியும். ஒரு துண்டுத் தாளில் போட்டுப் பார்த்தால்தான் யார் மாட்டுகிறார்கள் என்று தெரியும்.

120 வீடு இருக்கிற ஒரு புளோக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 87 விழுக்காடு என்றால் ஏறக்குறைய 104 சீனக் குடும்பம். மலாய் வரம்பு 30, நம்முடையது 18. மூன்றையும் கூட்டினால் 152 வருகிறது, புளோக்கில் இருப்பதோ 120 வீடு, அதனால் மூன்று வரம்பும் ஒரே நேரத்தில் நிரம்பாது. இந்த புளோக்கில் சீனர் 104, மலாய்க்காரர் 9, இந்தியரும் மற்றவரும் 7 என்று வையுங்கள். சீனர் வரம்பு நிரம்பிவிட்டது.

இப்போது அந்த 104 சீனக் குடும்பத்தில் ஒருவர் வீட்டை விற்கிறார். யாருக்கு விற்கலாம்? சீனருக்கு விற்கலாம், ஒன்று போய் ஒன்று வருகிறது. மலாய்க்காரருக்கு விற்கலாம், இன்னும் 21 இடம் இருக்கிறது. நமக்கும் விற்கலாம். அவருக்கு ஒரு தடையும் இல்லை. கோட்டா என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாமல் விற்றுவிட்டுப் போய்விடலாம்.

அந்த 7 வீட்டில் ஒருவர் விற்கிறார் என்றால்? சீனருக்கு விற்றால் 104, 105 ஆகிவிடும், முடியாது. மக்கள்தொகைப்படி பார்த்தால் வாங்க வரக்கூடியவர்களில் 74.3 விழுக்காட்டினருக்கு வாசல் மூடிவிட்டது, மிச்சம் 25.7. நான்கு பேர் வர வேண்டிய இடத்தில் ஒருவர். அந்த ஒருவருக்கும் இது தெரியும், அதனால் விலையைக் கொஞ்சம் அமுக்கித்தான் கேட்பார்.

தலைகீழாகவும் போட்டுப் பாருங்கள். லிட்டில் இந்தியாவுக்குப் பக்கமோ, நம்ம ஜனங்கள் விரும்பிப் போகிற வேறு இடமோ, இந்தியர் வரம்பான 18 நிரம்பிய புளோக் என்று வைப்போம். அங்கே ஒரு சீனர் விற்கிறார். இந்தியருக்கும் மற்றவருக்கும் விற்க முடியாது, அவர் இழப்பது சந்தையில் 12 விழுக்காடு சொச்சம், அவ்வளவுதான். ஆனால் அங்கே வாங்க நினைக்கிற தமிழருக்கு? 120 வீட்டில் அந்த 18 வீட்டுக்காரர்களில் யாராவது விற்றால்தான் உண்டு. அவர்கள் அதைத் தெரிந்துகொண்டு விலையை ஏற்றுவார்கள்.

ஆக எந்தப் பக்கம் நிரம்பினாலும் சிறுபான்மைக் குடும்பத்துக்குத்தான் பை இளைக்கிறது. விற்கும்போது குறைந்த விலை, வாங்கும்போது கூடுதல் விலை. நான் இந்தக் கொள்கையை எடுத்துவிட வேண்டும் என்று சொல்கிற ஆள் இல்லை, என் பிள்ளைகள் மூன்று மொழி காதில் விழுகிற நடைபாதையில்தான் வளர்கிறார்கள், அது எனக்குப் பிடித்தும் இருக்கிறது. ஆனால் அந்த நடைபாதைக்கான சந்தாவைக் கட்டுகிறவர்கள் அந்த ஏழு வீட்டுக்காரர்களும் ஒன்பது வீட்டுக்காரர்களும்தான். நாடாளுமன்றத்திலும் இதைப் பற்றி வாக்குவாதம் நடந்திருக்கிறது, அரசாங்கமும் இந்தச் சுமை இருப்பதை ஒப்புக்கொண்டிருக்கிறது.

எங்கே, எப்படிப் பார்ப்பது

வீவக இணையத்தளத்தில் இனக் கோட்டாவையும் நிரந்தரவாசிக் கோட்டாவையும் சரிபார்க்க ஒரு சேவை இருக்கிறது. புளோக் எண், தெருப் பெயர், இனம், குடியுரிமை ஆகியவற்றைக் கொடுத்தால் அந்த புளோக்கில் யார் யாருக்கு விற்கலாம் என்று தெரிந்துவிடும். காசு கிடையாது, ஏஜெண்டும் வேண்டாம்.

வாங்குபவர் ஒரு முறை மட்டும் பார்த்து நிறுத்தாமல், விற்பவர் சீனராக இருந்தால் என்ன பதில், மலாய்க்காரராக இருந்தால் என்ன, இந்தியராக இருந்தால் என்ன என்று எல்லாவற்றையும் பாருங்கள். இந்திய விற்பனையாளரிடமிருந்து மட்டும்தான் வாங்கலாம் என்று வந்தால் நம்ம கூடை நிரம்பிவிட்டது என்று அர்த்தம், அதிக விலைக்குத் தயாராக வேண்டும். அப்புறம் உங்களை ஒரு சீன வாங்குபவராகக் கற்பனை செய்துகொண்டு, இந்திய விற்பனையாளரிடம் வாங்க முடியுமா என்றும் பாருங்கள். முடியாது என்று வந்தால் அது நீங்கள் நாளைக்கு விற்கும்போது வரப்போகிற தலைவலி. இந்த இரண்டாவது சோதனையைப் பெரும்பாலானோர் செய்வதே இல்லை, எங்கள் அக்காவும் வாங்கும்போது செய்யவில்லை. "கொஞ்சம் சீப்பா கிடைச்சுது" என்று அவள் அந்த வீட்டை வாங்கிய காலத்தில் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஏன் சீப்பு என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

எண்கள் ஒவ்வொரு மாதமும் 1-ஆம் தேதி புதுப்பிக்கப்படுகின்றன. இதுதான் முழு விஷயத்திலும் உங்களுக்குக் கைகொடுக்கிற ஒரே ஓட்டை, அதனால் கொஞ்சம் விளக்குகிறேன். அந்த 120 வீட்டு புளோக்கில் ஒரு சீனக் குடும்பம் மலாய்க் குடும்பத்துக்கு விற்றுவிட்டால் 104 என்பது 103 ஆகும். ஒரு இடம் காலி. அந்த நேரத்தில் ஏழு வீட்டுக்காரர்களில் ஒருவர் சீனருக்கு விற்கலாம், விற்றால் மறுபடி 104, வாசல் மூடிவிடும். ஆக எல்லாக் காகிதத்தையும் தயாராக வைத்துக்கொண்டு 1-ஆம் தேதி காலையில் பார்க்கிறவருக்குத்தான் அந்த இடம் கிடைக்கும். மூன்று மாதத்துக்கு முன் "ஃபுல்" என்று பார்த்துவிட்டுச் சோர்ந்து உட்கார்ந்திருந்தால் திறந்ததும் தெரியாது, மூடினதும் தெரியாது. அக்கா தன் சமையலறைக் காலண்டரில் ஒவ்வொரு 1-ஆம் தேதியையும் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருந்தாள், வாடகை கட்டுகிற தேதி மாதிரி.

விற்பவர்கள் செய்ய வேண்டியது

வீவக வீட்டுத் தளத்தில் சிங்பாஸ் (அரசாங்க இணையச் சேவைகளுக்கான மின்னடையாளம்) வழியாக உள்ளே போய், விற்கும் விருப்பத்தை முதலில் பதிவு செய்ய வேண்டும். அப்போதே உங்கள் புளோக்கின் கோட்டா நிலவரத்தையும் காட்டுவார்கள், வேகமாகத் தள்ளிக்கொண்டு போகாமல் படியுங்கள், முடிந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஏஜெண்டுக்கு அனுப்பிவிடுங்கள், பின்னால் தெரியாது என்று சொல்ல முடியாது. பதிவு செய்து ஏழு நாள் கழித்துத்தான் ஓடிபி கொடுக்க முடியும். (வங்கியிலிருந்து வருகிற ஆறு இலக்க எண் இல்லை, வீட்டை வாங்கும் உரிமையைக் கொடுக்கிற பத்திரம்.) அதற்கு வாங்குபவர் முதலில் கொடுப்பது 1 வெள்ளியிலிருந்து 1,000 வெள்ளிக்குள், அதன் பிறகு அவருக்கு 21 நாள் அவகாசம்.

இந்த 21 நாளில்தான் ஒரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. மாதக் கடைசியில் ஓடிபி கொடுத்தால் நடுவில் 1-ஆம் தேதி வந்துவிடும், எண்கள் மாறிவிடும். அதனால் ஓடிபி கொடுக்கும் அன்று ஒரு முறை பாருங்கள், மறுவிற்பனை விண்ணப்பம் போடும் அன்று இன்னொரு முறை பாருங்கள், கூடுமானவரை எல்லாவற்றையும் ஒரே மாதத்துக்குள் முடிக்கிற மாதிரி மாத ஆரம்பத்தில் நகருங்கள். கோட்டா நெருக்கமாக இல்லாத புளோக்குக்கு இவ்வளவு பதற்றம் தேவையில்லை.

சீனர் வரம்பு நிரம்பிய புளோக்கில் மாட்டியிருந்தால் விளம்பரத்தை மாற்றி எழுத வேண்டும். வழக்கமான விளம்பரம் எல்லாருக்கும் போய்ச் சேரும், வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு நீங்கள் விற்கவே முடியாது, சனி ஞாயிறு வீணாகும், சோயா பாலும் வீணாகும். மலாய், இந்திய, மற்ற இன வாங்குபவர்கள் வாங்கலாம் என்று முதல் வரியிலேயே போடச் சொல்லுங்கள். அப்புறம் மலாய்க் குடும்பங்களின் வட்டாரத்தில் ஆள் தெரிந்த ஏஜெண்டைப் பிடியுங்கள். நம்மவர்கள் பெரும்பாலும் தமிழ் ஏஜெண்டையே தேடுவார்கள், ஆனால் உங்களுக்குத் திறந்திருக்கிற 25.7-இல் பாதிக்கு மேல் மலாய்க்காரர்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள். எங்கள் அக்கா இரண்டாவதாகப் பிடித்த ஏஜெண்டு ஒரு மலாய்ப் பெண்மணி. முதல் நாளே அவர் பார்த்தது பக்கத்து மசூதி எவ்வளவு தூரம், மதிய நேரப் பள்ளி எங்கே, மாமியாரைக் கூட்டி வந்தால் தரைத்தளத்தில் உட்கார இடம் இருக்கிறதா என்பதைத்தான். விளம்பரத்தில் அதையெல்லாம் போட்டார். வந்தவர்களின் எண்ணிக்கை குறைவு, ஆனால் எல்லாரும் வாங்கக் கூடியவர்கள்.

நிரந்தரவாசிகள் வந்தால் இன்னொரு கோட்டா குறுக்கே வரும். 2010 மார்ச் 5 முதல் இருக்கிறது: மலேசியர் அல்லாத நிரந்தரவாசிக் குடும்பங்கள் அக்கம்பக்கத்தில் 5 விழுக்காடு, புளோக்கில் 8 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. வாங்குபவர்களில் ஒருவர் சிங்கப்பூர்க் குடிமகனாக இருந்தால் இது பொருந்தாது. மலேசியர்களுக்கும் பொருந்தாது. அதாவது ஜொகூர் பாருவிலிருந்து வந்த தமிழ் நிரந்தரவாசிக்குத் திறந்திருக்கிற வாசல் திருச்சியிலிருந்து வந்த தமிழ் நிரந்தரவாசிக்கு மூடியிருக்கலாம், இனம் ஒன்று, மொழி ஒன்று, பாஸ்போர்ட் வேறு.

எல்லாம் செய்தும் நடக்கவில்லை என்றால், 2022 மார்ச்சில் ஒரு வழியைத் திறந்தார்கள். இனக் கோட்டாவால் உண்மையிலேயே விற்க முடியாமல் தவிக்கிற உரிமையாளரிடமிருந்து வீவக தானே வீட்டை வாங்கிக்கொள்ளும். ஆனால் இதைக் கடைசி வழியாக வையுங்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பரிசீலிப்பார்கள், விலை நீங்கள் சொல்வதாக இருக்காது, வெளிச் சந்தையில் நீங்கள் உண்மையாக முயன்றீர்கள் என்பதையும் பார்ப்பார்கள். அதற்காக, விற்கக் கிளம்பிய முதல் நாளிலிருந்தே ஒரு கோப்பு வைத்துக்கொள்ளுங்கள்: விளம்பரம் போட்ட தேதிகள், வந்து பார்த்தவர்கள், கேட்ட விலைகள், கோட்டாவால் நின்றுபோன பேச்சுகள். வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். வேறு வீடு வாங்கிவிட்டதால் பழைய வீட்டைக் குறிப்பிட்ட காலத்துக்குள் விற்றாக வேண்டிய நிலையில் இருந்தால் கால நீட்டிப்பு கேட்டும் எழுதலாம், கேட்பதில் தவறில்லை.

வாங்குபவர்களுக்கு

சீனர் வரம்பு நிரம்பிய புளோக்கில் ஒரு தமிழ்க் குடும்பமோ மலாய்க் குடும்பமோ விற்கிறது என்றால், அங்கே விலை கொஞ்சம் இறங்கியிருக்க வாய்ப்பு உண்டு. பேரம் பேசலாம். ஆனால் அந்தத் தள்ளுபடி உங்களுக்குக் கிடைக்கிற பரிசு இல்லை, கடன். நீங்கள் விற்கும்போது அடுத்தவருக்கு அதே தள்ளுபடியைக் கொடுத்துவிட்டுத்தான் வெளியே வருவீர்கள். சாகிற வரைக்கும் இதுதான் வீடு, பிள்ளைகளுக்குப் பள்ளி பக்கம், அம்மாவுக்கு கோயில் பக்கம் என்று முடிவு செய்தவர்களுக்கு இது நல்ல வாய்ப்பு. ஐந்து வருடக் குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் முடிந்ததும் விற்று லாபம் பார்க்கலாம் என்று நினைப்பவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

நம்ம கூடை நிரம்பிய புளோக்கில் வாங்கும்போது வேறு பிரச்சினை. விற்பவர் கூடுதலாகக் கேட்பார், வீவக மதிப்பீடு அதைத் தொடாது. மதிப்பீட்டுக்கு மேல் போகிற ஒவ்வொரு வெள்ளியையும் கையிலிருந்து ரொக்கமாகத்தான் கொடுக்க வேண்டும், மசேநி (மத்திய சேம நிதி) பணத்தையோ கடனையோ அதற்குப் பயன்படுத்த முடியாது. லிட்டில் இந்தியாவின் தேக்கா பக்கம்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிற பெரியவர்கள் வீட்டில் இருந்தால் இந்த ரொக்கக் கணக்கை அவர்கள் முன்னால் போட்டுக் காட்டுங்கள். எங்கள் சித்தப்பா அதைப் பார்த்த பிறகுதான் பஸ்ஸில் போய்க் காய்கறி வாங்கலாமே என்று இறங்கி வந்தார்.

நிரந்தரவாசிகள் மட்டுமே சேர்ந்து வாங்கும் குடும்பம் என்றால் நிரந்தரவாசம் கிடைத்து மூன்று வருடம் ஆகியிருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள். வீவக தகுதிக் கடிதம் வாங்காமல் ஓடிபி வாங்க முடியாது, அதனால் அந்தக் கடிதம் முதலில், வீடு பார்ப்பது பிறகு.

பிடிஓ வீட்டுக்கும் (வீவகவிடம் விண்ணப்பித்து வாங்குகிற புது வீடு) கோட்டா உண்டு. குலுக்கலில் உங்களுக்கு நல்ல எண் விழுந்திருக்கும், ஆனால் தேர்வு செய்கிற நாள் வருவதற்குள் நீங்கள் ஆசைப்பட்ட புளோக்கில் இந்தியர்-மற்றவர் இடம் தீர்ந்துபோயிருக்கலாம், வீடுகள் காலியாக இருந்தும். தேர்வு நடக்கும் காலத்தில் ஒவ்வொரு புளோக்கிலும் ஒவ்வொரு இனத்துக்கும் மிச்சம் எத்தனை என்று தளத்தில் காட்டுவார்கள். தினமும் பாருங்கள், ஒரே வீட்டில் மனதை வைக்காமல் மூன்று நான்கு புளோக்கில் பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் வரிசை எண் எவ்வளவு என்பதைவிட, உங்களுக்கு முன்னால் நம்ம கூடைக்காரர்கள் எத்தனை பேர் என்பதுதான் கணக்கு.

கலப்புத் திருமணக் குடும்பங்கள்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே ஒரு தேர்வு உங்கள் கையில் இருக்கிறது, பலரும் யோசிக்காமல் டிக் போட்டுவிடுகிறார்கள். கணவர் தமிழர், மனைவி சீனர் என்றால் வீட்டை யாருடைய இனத்தில் கணக்கு வைப்பது என்று வாங்கும்போது நீங்களே சொல்லலாம். சொன்னது சொன்னதுதான், விற்கும்போதும் அதே இனத்தில்தான் கணக்கு. ஆக வாங்கும் நாளிலேயே விற்கும் நாளை யோசிக்க வேண்டும். சீனர் வரம்பில் இன்னும் இடம் இருந்தால் சீனக் குடும்பமாகக் கணக்கு வைப்பதுதான் பெரும்பாலும் லாபம், நாளைக்கு வரம்பு நிரம்பினாலும் சீனர் சீனருக்கு விற்பதை யாரும் தடுக்க முடியாது. மாமனார் மனசு கோணலாம், அது வேறு விஷயம். சீனர் வரம்பு ஏற்கனவே நிரம்பிய புளோக்கில் இந்திய விற்பனையாளரிடம் குறைந்த விலைக்கு வாங்க வேண்டுமானால் இந்தியராகத்தான் கணக்கு வைக்க முடியும், அப்போது மேலே சொன்ன கடன் கதை உங்களுக்கும்.

அடையாள அட்டையில் "இந்தியர்-சீனர்" என்று இரட்டை இனம் போட்டிருக்கிறவர்கள் கவனியுங்கள், முதலில் வருகிற சொல்தான் கோட்டாவுக்கு எடுத்துக்கொள்ளப்படும். இரட்டை இனத்தைப் பதிவு செய்ய 2011-இல் வழி வந்தது. பிள்ளைக்கு எதை முதலில் போடுவது என்று பாட்டிகள் சண்டை போடும்போது அதில் ஒரு வீட்டு விலையும் அடங்கியிருக்கிறது என்பது யாருக்கும் தோன்றுவதில்லை.

வாடகைக்குத் தேடுகிறவர்கள்

இந்தியாவிலிருந்து வேலை பாஸில் வந்து முழு வீட்டையும் வாடகைக்கு எடுக்கிற நண்பர்களுக்கு இனக் கோட்டா பிரச்சினை இல்லை, ஆனால் குடிமக்கள் அல்லாதவர்களுக்கான கோட்டா உண்டு. 2014 ஜனவரியில் வந்தது. மலேசியர் அல்லாத வெளிநாட்டவர்களும் நிரந்தரவாசிகளும் முழு வீட்டை வாடகைக்கு எடுப்பது அக்கம்பக்கத்தில் 8 விழுக்காடு, புளோக்கில் 11 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். அது நிரம்பிய புளோக்கில் சிங்கப்பூரருக்கோ மலேசியருக்கோதான் முழு வீட்டையும் விடலாம். அறை வாடகைக்கு இந்தக் கோட்டா கிடையாது, அதனால் தனி ஆள் என்றால் கவலை வேண்டாம். அப்புறம் நிரந்தரவாசி உரிமையாளர்கள் தங்கள் வீவக வீட்டை முழுதாக வாடகைக்கு விடவே முடியாது, அப்படி ஒருவர் விடுகிறேன் என்று வந்தால் விலகிவிடுங்கள். முன்பணம் கொடுக்கும் முன் "கோட்டா பார்த்தாச்சா, வீவக அனுமதி வாங்குவீங்களா?" என்று வீட்டுக்காரரிடம் நேராகக் கேளுங்கள். பார்க்கவில்லை என்றால் அங்கேயே, உங்கள் எதிரிலேயே, ஃபோனை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.